பின்லாந்து மக்களும் நம் ஜாதிச் சுவர்களும்

(கடலூர், சிதம்பரம் வட்டார ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

"நாம் யார்? நம் முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்காத மக்கள் உலகத்தில் இல்லை. நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்கிறவன் யார், என்ன லாபத்துக்காகச் சொல்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். மிராசுதார் சொன்ன பதில் நமக்குத் தெரியும்: "நான் ஆளப் பிறந்தவன், நீ சேற்றில் இறங்கப் பிறந்தவன்." இது பொய் என்று காட்டுவதற்காகவே உங்களைத் தூரத்துப் பனி நாடு ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன். அதன் பெயர் பின்லாந்து.

அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பின்லாந்து மொழியும் அடங்கிய ஒரு மொழிக் கூட்டத்தோடு தமிழுக்கு உறவு உண்டு என்று அதில் கருதினார். காரணம் இல்லாமல் இல்லை. நாம் 'வீடு' என்பதோடு 'இல்' சேர்த்து 'வீட்டில்' என்கிறோம். அவர்கள் வீட்டைத் 'தலோ' என்பார்கள். வீட்டில் என்பதற்குத் 'தலோஸ்ஸா' என்பார்கள். கட்டுமானம் ஒன்று போல இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இன்றைய மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படியானால் பின்லாந்து மக்கள் யார்? சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறை உருகி விலகிய நிலத்தில் வேட்டையாடிகள் குடியேறினார்கள். பிறகு தெற்கிலிருந்து ஆடுமாடு மேய்த்தவர்கள் வந்தார்கள். சைபீரியாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் அந்த வடபுலத்துக்குக் குறைந்தது 3,500 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று பழைய எலும்புகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். மொழியும் கிழக்கே இருந்து வந்ததுதான். அந்த மொழியில் நூறு என்பதற்குச் 'சதா' என்று பெயர். நம் காதில் விழும் 'சதம்' என்ற வடசொல்லின் உறவு அது. அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் 'ஐதி' என்ற சொல்லே ஜெர்மானிய மொழியிலிருந்து வாங்கியது. பெற்ற தாயை அழைக்கும் சொல்லையே கடன் வாங்கிய மக்கள் "எங்கள் இரத்தம் தூய இரத்தம்" என்று சொல்ல முடியுமா?

ஆனால் மற்றவர்கள் அவர்களுக்கு ஜாதி கட்டினார்கள். 1907-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்து இரும்புச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் பின்லாந்துத் தொழிலாளர்கள். வேலைநிறுத்தம் முறிக்கப்பட்டது. 1908 ஜனவரியில் ஜான் ஸ்வான் முதலானவர்கள் குடியுரிமை கேட்டபோது, "இவர்கள் மங்கோலியர், வெள்ளையர் அல்ல, குடியுரிமை தரக்கூடாது" என்று சர்க்கார் வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். சட்டம் மட்டும் அப்படியே நின்றது. 1923-இல் அதே சட்டத்தைக் காட்டித்தான் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியருக்குக் குடியுரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், தோழர்களே! சுரங்கத்தில் குனிந்து வெட்டும் வரை எந்த இனம் என்று யாரும் கேட்கவில்லை. நிமிர்ந்து கூலி கேட்ட பிறகுதான் பிறப்பைத் தோண்டினார்கள்.

சொந்த நாட்டிலும் அவர்கள் கதை இதுதான். பல நூற்றாண்டு ஸ்வீடன் ஆட்சி. 1809 முதல் ஜார் ஆட்சி. ஆபீசிலும் கோர்ட்டிலும் ஸ்வீடிஷ். வயலில் உழுகிறவன் பேசியது பின்னிஷ். 1905-இல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பலனாக 1906-இல் ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. ஐரோப்பாவிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை முதலில் கிடைத்தது அங்கேதான். 1917 டிசம்பர் 6-இல் சுதந்திரப் பிரகடனம். டிசம்பர் 31-இல் அதை முதன்முதலில் அங்கீகரித்தது லெனின் தலைமையிலான சோவியத் சர்க்கார்.

1918-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆலைத் தொழிலாளர்களும் குத்தகை உழவர் பலரும் செம்படைப் பக்கம் நின்றார்கள். ஜெர்மன் பட்டாளத்தின் துணையோடு சொத்துடையோர் பக்கம் ஜெயித்தது. சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் 12,000-க்கும் மேற்பட்ட செம்படையினர் மாண்டார்கள். ஆனாலும் அதே ஆண்டிலேயே, குத்தகை நிலத்தை உழவன் சொந்தமாக்கிக்கொள்ளும் சட்டத்தை ஜெயித்தவர்களே கொண்டுவர வேண்டியதாயிற்று. சிந்திய இரத்தம் வீண் போகவில்லை.

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். கடலூர் சிப்காட் பக்கத்துக் காரைக்காட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மணி செய்த தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். கடல் வாணிபத்தின் தடயங்களும் அங்கே கிடைத்தன. பண்ருட்டி அருகே மருங்கூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2024-இல் அகழாய்வு தொடங்கியது. மணியையும் பானை ஓட்டையும் பார்த்து, செய்தவன் கைத்திறனைச் சொல்லலாம். ஜாதியைச் சொல்ல முடியாது.

நம் இரத்தம் என்ன சொல்கிறது? ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 2013-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்தார்கள். அதன் பிறகுதான் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே மணம் என்ற வழக்கம் இறுகியது. ஆகவே ஜாதி படைப்பிலே வந்ததல்ல, நடுவிலே வந்தது.

2017-இல் இன்னொரு கணக்கு வெளியானது. பின்லாந்தில் சில குடும்பங்கள் காட்டுக்குள் தனித்துக் குடியேறி, தமக்குள்ளேயே மணந்து பெருகின. அதனால் முப்பதுக்கும் மேற்பட்ட பரம்பரை நோய்கள் அங்கே அதிகம். தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சோதித்தார்கள். அவற்றில் 81 சமூகங்களில் இந்த ஒடுக்கம் பின்லாந்தையும் மிஞ்சியிருந்தது! அவர்களைப் பிரித்தது பனியும் காடும். நம்மைப் பிரித்தது எது? கொள்ளிடக் கரையில் பனியா பெய்கிறது? ஊருக்கும் சேரிக்கும் நடுவே மலையா நிற்கிறது? ஒரே வாய்க்கால் தண்ணீர்தான் இருவர் வயலிலும் பாய்கிறது. சுவரைக் கட்டியவன் மனிதன்.

எதற்காகக் கட்டினான்? நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் விட்டுப் போகவும் கூடாது, கூலி கேட்கவும் கூடாது. அதற்குப் பிறப்பை விடப் பலமான விலங்கு ஏது? நந்தனார் கதையைப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்கிறது: அவர் கொடுத்த தோல் கோயில் முரசுக்குப் போனது, அவர் கொடுத்த நரம்பு யாழுக்குப் போனது, அவர் மட்டும் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. உழைப்பு தீட்டில்லை, உழைத்தவன் தீட்டாம்!

அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் கண்டார். நெருப்பில் இறங்கச் சொன்ன ஊரில் பிள்ளைகள் எழுத்தில் இறங்கினார்கள். அதுவும் சுவரில் விழுந்த அடிதான்.

தோழர்களே! பின்லாந்துச் சுரங்கத் தொழிலாளியிடம் "நீ என்ன இனம்?" என்று கேட்டவனும், உங்களிடம் "நீ என்ன ஜாதி?" என்று கேட்பவனும் ஒரே காரியத்துக்காகத்தான் கேட்கிறார்கள். ஆலை வாசலில் அந்தக் கேள்வி வந்தால், "என்ன கூலி?" என்று திருப்பிக் கேளுங்கள். நம் தெருவில் ஜாதி மறுத்து மணம் செய்யும் பிள்ளைகளுக்கு அரணாக நில்லுங்கள். நம் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வரன் பார்க்கும்போது அந்தக் கேள்வியை நாமே கேட்காமல் இருப்போம். மேடையில் சுவரை இடித்துவிட்டு வீட்டில் அதற்குச் சாந்து பூசுகிறவன் தோழன் அல்ல.