மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

(குன்னூரில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)



இந்த மழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். பேச வந்த விஷயம் கொஞ்சம் கூச்சமானது. எஸ்டேட் முகாம்களில் சளி, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் தயங்காமல் சொல்வார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "டாக்டர், வெளிக்குப் போகும்போது ரத்தம் வருது, மூலம்தானே?" என்று மெதுவாகக் கேட்பார்கள். எவ்வளவு நாளாக என்றால், "ஒரு வருஷம் இருக்கும்" என்பார்கள். அந்த ஒரு வருஷம்தான் என் கவலை.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்காக உழைப்பவை. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் பொருள்களைத் தருகின்றன. ஆனால் குடியிருப்பவர் எல்லோரும் நல்லவர் அல்லவே. ஈ.கோலை கிருமியின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. 2006-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். அந்த நச்சு செல்லின் டி.என்.ஏ.வில் தனி வகைத் தழும்பை விட்டுச் செல்கிறது.

2025-ல் அமெரிக்காவின் சான் டியாகோ ஆய்வாளர்கள் தலைமையில், 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்த முடிவு வந்தது. 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட, 40 வயதுக்குள் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு 3.3 மடங்கு அதிகம். சிறுவயதிலேயே, பத்து வயதுக்குள், அது விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அந்த 11 நாடுகளில் இந்தியா இல்லை. ஆகவே நீலகிரிக்கும் இதே கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "சின்ன வயசுதானே" என்று ரத்தப்போக்கைத் தள்ளிப்போட இனி இடமில்லை.

ஈறு நோயில் பெருகும் ஃபியூசோபாக்டீரியம் என்ற வாய்க் கிருமியையும் இந்தக் கட்டிகளுக்குள் கண்டிருக்கிறார்கள். பல் துலக்கினால் புற்றுநோய் வராது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ, வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிருமிதான் காரணமென்றால் ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. நல்ல கிருமிகளும் சேர்ந்து அழியும். அதோடு, கோலிபாக்டின் உண்டாக்கும் கிருமி நலமாக இருப்பவர்கள் பலரின் குடலிலும் உண்டு. நல்லவற்றுக்குத் தீனி போடுங்கள்: ராகி, அவரை, கீரை, பீன்ஸ். நம் மலையில் விளையும் காய்கறியை லாரியில் மேட்டுப்பாளையம் அனுப்பிவிட்டு நாம் பரோட்டா சாப்பிடுகிறோம்! பிரியாணியை விடச் சொல்லவில்லை. மாட்டிறைச்சி அளவோடு இருக்கட்டும். சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே அறிவித்துவிட்டது.

மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, மாத்திரை சாப்பிட்டும் தீராத ரத்தசோகை: இதில் எது இருந்தாலும் வாருங்கள். மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் வரலாம். விரலால் பரிசோதிக்க ஒரு நிமிடம்தான். தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பி. பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும். அதற்குள் கண்டால் அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் கேளுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்னறையில் இருப்பேன். பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவரும் வந்திருக்கிறார். பெயர் எழுத வேண்டாம், நேராக உள்ளே வாருங்கள்.