குடியிருக்க ஓர் இல்லம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் முன்னோர் மனித வாழ்வை நான்கு நிலைகளாக வகுத்தனர். அவற்றுள் இரண்டாவது கிருகஸ்தம். கிருகம் என்பது வீடு. வீட்டிலிருந்து அறஞ்செய்பவனே கிருகஸ்தன். வள்ளுவரும் இல்வாழ்க்கைக்கு ஐந்தாம் அதிகாரத்தையும் விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தையும் வகுத்துத் தந்தார். விருந்தை ஓம்புவதற்கு முதலில் ஒரு திண்ணையாவது வேண்டுமன்றோ? ஆகவே, குடிக்கூலியைப் பற்றிச் சமயச் சங்கமொன்றின் மேடையிற் பேசுவது பொருந்தாத செயலன்று.

“வாடகை ஏறிவிட்டது” என்பது எங்குங் கேட்கும் முறைப்பாடு. ஆனால் கொழும்பு, மலையகம், வடக்கு ஆகிய மூன்று பகுதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வாடகையைப் பணத்தால் மாத்திரம் அளக்கமுடியாது. காணிப் பத்திரத்துக்கு நம்மவர் “உறுதி” என்று பெயரிட்டனர். அது பொருள்பொதிந்த பெயர். நாளையும் இவ்வீட்டில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவனே உண்மையில் மிகக் கூடிய வாடகை கொடுப்பவன்.

முதலிற் கொழும்பை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் வீடு தேடியவர்கள் “முற்பணம்” என்ற சொல்லைக் கேட்டு நடுங்குவர். ஆறு மாத வாடகையையோ ஓராண்டு வாடகையையோ ஒரே முறையிற் கேட்பது அங்கு வழமையாகிவிட்டது. மாத வாடகை 40,000 ரூபா என வைத்துக்கொண்டால், ஓராண்டு முற்பணம் 480,000 ரூபாவாகும். புதிதாக உத்தியோகம் பெற்றுவரும் ஓர் இளைஞன் இதற்கு எங்கே போவான்? தாயின் காப்போ தங்கையின் சங்கிலியோ அடகுக் கடைக்குச் செல்லும். 2022 செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டிய காலத்தில், சம்பளம் இருந்த இடத்திலேயே நிற்க, சீமெந்தும் கம்பியும் வாடகையும் ஏறின.

தலைநகரின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வாழ்ந்த ஏழைகளின் நிலை வேறு. வசதி குறைந்த இக்குடியிருப்புகளில் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இருப்பதாக நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கிட்டு, 2010க்குப் பின்னர் பலரை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றியது. கூரை ஒழுகாத வீடு கிடைத்தமை நன்மையே. ஆயினும், அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்க்கு மாதந்தோறுங் கட்டவேண்டிய தவணையும் பராமரிப்புக் கட்டணமும் புதிய சுமைகளாயின.

பணம் இருந்தாலும் உறுதி இல்லை என்பதற்கும் கொழும்பே சான்று. 2007 யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் வாடகைக்குத் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது. வாடகைப் பற்றுச்சீட்டு அவர்கள் கையில் இருந்தும் பயன்யாது?

சட்டம் ஒன்றும் இல்லையா எனக் கேட்பீர்கள். யுத்த காலமாகிய 1942இலேயே வாடகைக் கட்டுப்பாடு இங்கு வந்துவிட்டது. 1948இல் ஒரு சட்டமும், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும், 1973இல் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் தொடர்ந்தன. இவை குடியிருப்பவரைத் தெருவுக்குத் தள்ளாமற் காத்தன என்பதை மறுக்கலாகாது. ஆனால், கொடுத்த வீடு திரும்பக் கிடையாது என்ற அச்சம் வீட்டுக்காரர் மனத்திற் குடிபுகுந்தது. தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்தினான். பலர் வீட்டைப் பூட்டிவைத்தார்களேயன்றி வாடகைக்கு விடவில்லை. பின்னர் சட்டம் மறுபக்கஞ் சாய்ந்தது. 2023இல், குத்தகைக்குக் கொடுத்த வீட்டை விரைவாக மீட்பதற்கென ஒரு சட்டம் வந்தது. தராசு ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் தாழ்கிறது. வீட்டுக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் இடையே நம்பிக்கையைப் பிறப்பிக்கச் சட்டத்தால் மாத்திரம் இயலாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி மலையகத்துக்கு வருவோம். அங்கே லயக் காம்பராவுக்கு வாடகை கேட்பாரில்லை. “இனாம் வீடு” என்று எண்ணுவோரும் உளர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா. முன்னால் ஒரு சிறு விறாந்தை. அதற்குள்ளே மூன்று தலைமுறை. அக்காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டது. வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் வேலைசெய்யாவிட்டால் இருப்பிடம் என்னவாகுமோ என்ற ஏக்கம் தாயையும் மகளையும் கொழுந்துக் கூடையோடு கட்டிவைத்தது. பல லயங்களுக்குச் சொந்த முகவரியே இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்தால், அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. வேறு காணியில்லாத மக்கள் எங்கே பெயர்வர்? 2025 நவம்பர் இறுதியில் “டித்வா” புயல் வந்தபோதும் மலையகம் மண்சரிவுகளால் மீண்டும் கண்ணீர் விட்டது. வாடகையில்லா வீட்டுக்கு உயிரையே வாடகையாகக் கொடுக்க நேர்ந்தது. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு அறிவிக்கப்பட்டன. வரவேற்கிறோம். ஆனால் சுவரும் கூரையும் மாத்திரம் போதா. காணியுறுதியும் கையில் வரவேண்டும்.

வடக்கே யாழ்ப்பாணத்தில் விநோதமான நிலை ஒன்றுண்டு. ஒருபுறம் வெளிநாடு சென்றோரின் கல்வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. முற்றத்தில் புல் முளைக்கிறது. மறுபுறம் திருநெல்வேலிப் பகுதியில், பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் ஓர் அறைக்காக வீடு வீடாக அலைகின்றனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பலர், சொந்தக் காணி சில மைல் தூரத்தில் இருக்கவே, பிறர் வளவில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தனர்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லவேண்டும். வாடகைக்கு வீடு கேட்டு வருபவனிடம் நம்மிற் சிலர் முதலிற் கேட்பது சம்பளத்தையன்று; ஊரையும் பகுதியையுமே. அதன் உட்பொருள் சாதி என்பதை யாவரும் அறிவர். அன்பே சிவமென்று கோயிலிற் பாடிவிட்டு, படலையில் நின்று குலம் விசாரிப்பது எந்தச் சைவம்?

சீதன வீடும் இத்தொடர்பில் சிந்திக்கத்தக்கது. தேசவழமை மரபில் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தனர். மட்டக்களப்பிலும் வீடு மகளுக்கே சேரும். பெண்ணுக்கு நிலைத்த நிழல் வேண்டுமென்ற நல்நோக்கம் அதில் இருந்தது. இன்று அதுவே பேரமாகிவிட்டது. மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டிக்கொடுத்து, இருந்த வளவை ஒத்திவைத்து, முதுமையில் தாமே வாடகை வீடு தேடுகிறார். கட்டுமானச் செலவு ஏறுந்தோறும் கலியாணங்கள் பின்போகின்றன.

நாம் செய்யக்கூடியது யாது? அரசாங்கம் செய்யவேண்டியவை பல, அவற்றை வற்புறுத்துவோம். ஆனால் நம் கைக்கெட்டியவையும் உள. சங்கத்தில் ஒரு வாடகைப் பதிவேடு திறப்போம். பூட்டிய வீடுடையோர் விவரந் தரட்டும். வீடு வேண்டுவோரும் பதியட்டும். இரு தரத்தாருக்கும் எழுத்து ஒப்பந்தம், மாதப் பற்றுச்சீட்டு, வீட்டை ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுத உதவுவோம். முற்பணத்தைத் தவணையாகப் பெறும்படி நம் அங்கத்தவரான வீட்டுக்காரரைக் கேட்போம். குடியிருப்போரும் பிறர் வீட்டைத் தம் வீடாகப் பேணி, சொன்ன நாளில் திறப்பைக் கையளிக்கவேண்டும். யாத்திரிகர்க்கு மடங்கள் கட்டிய மரபு நம்முடையது. படிக்கவரும் மலையகப் பிள்ளைக்கு ஓர் அறை கொடுப்பது அம்மரபின் தொடர்ச்சியே.

இளைஞர்களே, உங்களுக்கென ஒரு வேண்டுகோள். மாமனார் வீட்டை உங்கள் உரிமையென எண்ணாதீர்கள். சிறிதாயினும் இருவர் உழைப்பில் எழும் வீடே இல்லறத்துக்கு அழகு. பெரியோர்களே, உங்களுக்கும் ஒன்று. பூட்டிய வீட்டின் திறப்பு உங்கள் இடுப்பிலே இருக்கிறது. அதனைத் திறந்து ஒரு குடும்பத்தை விளக்கேற்றச் செய்வீர்களாயின், அது கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்த்த புண்ணியத்திற் குறைந்ததன்று.