மணிக் கயிறும் பொதுவழியும்



கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு மணியோசையின் பொருளைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்று அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், கூண்டு இறங்கும் வாயிலில் மணியடிக்கும் வேலை பார்த்தார். கீழே இருப்பவர் இத்தனை முறை என்று மணியை அடிப்பார். மேலே இருப்பவர் அதனை அவ்வண்ணமே திருப்பி அடிப்பார். இரண்டும் ஒத்தாலன்றிக் கூண்டு அசையாது. கூண்டினுள் ஆட்கள் நிற்கிறார்களே! ஓர் அடி பிழைத்தால் போவது உயிர்.

அண்மையில், ஆய்வுக்கூடக் கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது அந்த மணி மீண்டும் நினைவுக்கு வந்தது. அளவுக் கருவிகளைக் கணிப்பொறியோடு இணைக்கும் சிறு சில்லுகளைப் பற்றிய கையேடு அது. சில்லு என்றதும் தெருவில் ஓட்டுச் சில்லு எறிந்து ஆடியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ஆயினும் அச்சொல் இன்று நிலைத்துவிட்டது.

இந்த இணைப்பு எதற்காக என்பதை அறியத் தங்கவயலுக்கே திரும்புவோம். 1965ஆம் ஆண்டில், பூமிக்கு அடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, வளிமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழுவினர் கண்டனர். தலைக்கு மேலுள்ள பாறை, விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனாலேயே அத்தனை ஆழம் வேண்டியிருந்தது. துகள் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் ஒருசேரச் சைகை கொடுக்க, உடனே நியான் குழாய்களுக்கு மின்சாரம் பாயும். துகள் சென்ற வழியிலுள்ள குழாய்கள் மட்டும் மின்னும். அதைப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னர் ஒருவர் அமர்ந்து அந்தப் படங்களைக் கண்ணால் ஆராய வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைப்பவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றுள் ஒன்று பதிவாகாமற் போனால், இயற்கையிடம் மறுமுறை கேட்க முடியாது.

அக்காலத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி, தனி முறை. ஒருவர் செய்த கருவி மற்றவர் கருவியோடு பேசாது. 1960களின் இறுதியில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தார் இதற்கு ஒரு பொது முறை வகுத்தனர். 1975இல் அது ஐ.இ.இ.இ. 488 என்னும் தரமாக ஏற்கப்பட்டது. எல்லாக் கருவிகளும் சேர்ந்து பயன்படுத்தும் கம்பித் தொகுதிக்கு ஆங்கிலத்தில் பஸ் என்று பெயர். நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் இதுவும் ஒரே சொல்லே. அனைவருக்கும் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வால் அது. நான் பொதுவழி என்று எழுதினேன்.

இப்பொதுவழியில் 16 சைகைக் கம்பிகள் உண்டு. 8 செய்தியைச் சுமக்கும். 5 நிர்வாகம் செய்யும். எஞ்சிய 3 கம்பிகளிலேதான் என் பாட்டனாரைக் கண்டேன். 15 கருவிகள் வரை ஒரே வழியில் அமரலாம். ஒரு நேரத்தில் ஒன்றே பேசும், பல கேட்கலாம். கேட்பவை அனைத்தும், "ஆயத்தம்" என்னும் கம்பியைத் தாழ்த்திப் பிடித்திருக்கும். பலர் பற்றியிருக்கும் கயிற்றை எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி ஆளும் கையை விட்டால்தான் அது மேலெழும். எழுந்த பிறகே பேசும் கருவி தன் செய்தியை வைத்து, "வைத்துவிட்டேன்" என்று மற்றொரு கம்பியில் அறிவிக்கும். "பெற்றுக்கொண்டோம்" என்னும் மூன்றாவது கம்பியும் அவ்வாறே, எல்லாரும் பெற்ற பின்னரே எழும். அதன் பிறகுதான் அடுத்த எழுத்து.

விரைந்து அளக்கும் வோல்ட்மீட்டர், மெதுவாக அச்சிடும் பொறிக்காகக் காத்து நிற்கிறது. இது வீண் தாமதம் என்பாரும் உளர். அளவீட்டில் அவ்வாறு காத்திருப்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் ஒரு கருவி இடையில் மயங்கி நின்றுவிட்டால், வழி முழுதும் நின்றுவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. மறுமணி வராவிட்டால் கூண்டும் அப்படித்தான் நின்றது.

இந்த ஒழுங்கையெல்லாம் காக்க முதலில் பல சிறு மின்சுற்றுகளைக் கோத்துச் செய்ய வேண்டியிருந்தது. பின்னர் இன்டெல் 8291, மோட்டோரோலா 68488, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 9914, என்.இ.சி. 7210 ஆகிய சில்லுகள் வந்தன. நாற்பது கால் கொண்ட ஒரு கறுப்புப் பூரான், அவ்வளவே. கருவியின் மூளை தன் அளவீட்டைக் கவனிக்க, மணியடிக்கும் வேலையைச் சில்லு ஏற்றுக்கொண்டது. கம்பியின் மொத்த நீளம் 20 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தோண்டிய எங்கள் சுரங்கத்துக்கு அது எம்மாத்திரம்!

2001இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழத்து அறைகளில் நீர் நிறைந்துவிட்டது. அந்தச் சில்லுகளிலும் பல இன்று உற்பத்தியில் இல்லை. யூ.எஸ்.பி.யும் ஈதர்நெட்டும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், முப்பதாண்டு பழகிய வோல்ட்மீட்டர் ஒன்றைக் காட்டினார்கள். அளவு பிசகாத கருவி. சில்லு பழுதாகி ஊமையாகிவிட்டது. பரணிலிருந்த வேறொரு செத்த கருவியைத் திறந்து, அதன் சில்லை நோகாமற் பெயர்த்து இதிலே பொருத்தினார் அங்கிருந்த பெரியவர். கணிப்பொறி அழைத்தது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.