தெரு யாருக்குச் சொந்தம்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து வேலைக்கு நடக்கிறவர்கள் நாம். வேலைக்குப் போகும் வழி தெரு. நம்மில் சிலருக்கு அதுவே வேலை செய்யும் இடம். வேறு கதியில்லாத சிலருக்கு அதுவே வீடு. ஆகவே தெருவைப் பற்றி ஓர் அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவு நம் அடுப்பங்கரை வரைக்கும் வந்து சேர்கிறது.

தெருவைக் குறித்து அதிகாரிகளிடம் இரண்டு வகைக் கோரிக்கைகள் போகின்றன. ஒன்று, "இந்த வழியை அடைத்துவிடுங்கள், வெளியார் வரக்கூடாது" என்பது. மற்றொன்று, "எங்களை இங்கிருந்து விரட்டாதீர்கள்" என்பது. எதை யார் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதலாவதற்கு நம் சிகந்தராபாத்தே சாட்சி. 1806-இல் ஆங்கிலேயரின் படைமுகாமாக எழுந்த ஊர் இது. அந்தப் படையோடு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். இந்தக் கன்டோன்மென்டில் பாதுகாப்பைக் காரணம் காட்டி ராணுவம் சில சாலைகளை அடைத்தது. மல்காஜ்கிரி, சஃபில்குடா பக்கத்து மக்கள் சிகந்தராபாத் வரச் சுற்றி அலைய நேர்ந்தது. காரில் போகிறவனுக்குச் சுற்று வழி என்றால் பெட்ரோல் செலவு. நடந்து போகிறவளுக்கோ அரை மணி நேரத் தூக்கம் போயிற்று.

பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டம், 258-ஆவது பிரிவில் ஒரு முறை வகுத்திருக்கிறது. பாதுகாப்புக் காரணம் இல்லாமல் தெருவை நிரந்தரமாக மூடக்கூடாது. காரணம் இருந்தாலும், பொது அறிவிப்புக் கொடுத்து, மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டுப் பரிசீலிக்க வேண்டும். மக்கள் போராடினார்கள். முறைப்படி மூடப்படாத சாலைகளைத் திறக்கும்படி 2018 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. சாலைகள் திறந்தன. தகராறு அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு பாடம் கிடைத்தது: அறிவிப்பு எங்கே, எங்கள் ஆட்சேபணை எங்கே என்று கேட்டவர்களுக்குத்தான் கதவு திறந்தது.

அந்தக் கன்டோன்மென்ட் சபைக்கு 2015-இல் தேர்தல் நடந்தது. அதில் வென்ற உறுப்பினர்களின் காலம் 2021-இல் முடிந்தது. 2023-இல் தேர்தலை அறிவித்துவிட்டு ரத்து செய்தார்கள். தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லாத இடத்தில் ஏழையின் மனு யார் மேஜையில் தூங்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது கோரிக்கை. நம்மைப்போல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி 1961-இல் பம்பாய் போனார் நிலமற்ற தொழிலாளி ஒருவர். 1981 ஜூலையில், கொட்டும் மழைக் காலத்தில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்பப் போவதாக மகாராஷ்டிர முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் தமிழரின் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பவும் பம்பாய் வந்தார். ஊரில் வேலை இருந்தால் ஏன் வருகிறார்?

அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில்தான், 1985 ஜூலை 10-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு பெரிய உண்மையைச் சொன்னார்கள்: உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும். ஆனால் தோழர்களே, தீர்ப்பின் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்க நாம் விரும்பவில்லை. நடைபாதை நடப்பவர்களுக்கே உரியது, அதை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. மழைக்காலம் கழியும்வரை, அந்த ஆண்டு அக்டோபர் 31 வரை, அவகாசம் கிடைத்தது. 1976-இல் கணக்கெடுத்து அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. அட்டை இல்லாதவர்களுக்கு அந்த உறுதி இல்லை.

ஒரு துண்டுக் காகிதம் குடும்பத்தின் தலைவிதியை மாற்றியதைக் கவனியுங்கள்.

2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புல்டோசர் இடிப்புகளுக்குக் கடிவாளம் போட்டது. பதினைந்து நாள் அறிவிப்பு இல்லாமல் இடிக்கக்கூடாது என்றது. ஆனால் சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகியவற்றில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை என்றும் எழுதியது. ஏழை எங்கே ஒண்டியிருக்கிறானோ அங்கேதான் காப்பு இல்லை! அதே 2024-இல் நம் நகரில் ஹைட்ரா அமைப்பு தோன்றி, ஏரிக்கரைகளில் இடிப்பு நடந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஏரி காக்கப்பட வேண்டும். அதை விழுங்கிய மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே நீதி வேண்டும் என்பதே நம் கட்சி.

தள்ளுவண்டி வைத்திருக்கும் தாய்மார்களுக்கு 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் கைகொடுக்கும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை வியாபாரிகளை அகற்றக்கூடாது. அகற்றுவதானால் முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். பறித்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். உரிமை கோரினால் அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்த நாற்காலியில் ஒரு தமிழ்ப் பெண் உட்காரக்கூடாதா?

நாம் செய்ய வேண்டியது மூன்று. ரேஷன் கார்டு, மின் ரசீது, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். மனுவை வாயால் சொல்லாதீர்கள். தெலுங்கிலோ உருதுவிலோ எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். மூன்றாவது, தனியாகப் போகாதீர்கள். நம் பஸ்தியின் தெலுங்குத் தொழிலாளியும் உருது பேசும் தொழிலாளியும் நடப்பது இதே தெருவில்தான். நடப்பவர்களுக்குப் போதிய வழி விட்டு நம் வண்டியை நிறுத்துவோம்; அந்த வழியை அடைக்க வருகிறவனை அவர்களோடு சேர்ந்து தடுப்போம்.

தெரு எல்லோருக்கும் சொந்தம். அந்த எல்லோரில் நாமும் அடக்கம் என்பதை எழுத்தில் பதிய வைப்போம்.