லூபஸ் நோய்: இரண்டு வைத்தியம், ஒரே நோட்டு

(மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒரே வழியை நம்பி உட்கார்ந்துவிடாதே, நாலு பக்கமும் பார் என்பது அதன் கருத்து. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் பார்க்கப் போகிற அவசரத்தில் மறு பக்கத்தைக் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். நோயின் பெயர் லூபஸ்.

லூபஸ் என்றால் என்ன?

நம் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். வெளியிலிருந்து வரும் கிருமிகளை விரட்டுவது அவன் வேலை. லூபஸ் நோயில் அந்தக் காவல்காரனுக்குத் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று தெரியாமல் போய்விடுகிறது. சொந்த வீட்டையே அடிக்கத் தொடங்குகிறான். தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம், நுரையீரல், இருதயம், மூளை என்று எதையும் இந்த நோய் தொடலாம்.

நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. அதனால்தான் குடும்ப நலக் கூட்டத்தில் இதைப் பேசுகிறோம். இது தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. யாருடைய சாபமும் அல்ல.

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், தாங்க முடியாத அசதி, கைவிரல் மூட்டுகளில் வலியும் வீக்கமும், வெயில் பட்டதும் கன்னத்திலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி போலச் சிவந்து படர்தல், வாயில் புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், காரணம் தெரியாத இரத்தச் சோகை, அடிக்கடி கரு கலைதல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, தேவைப்பட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பயப்பட வேண்டியதில்லை. 1950களில் இந்த நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஐந்து வருஷம் தாண்டினார்கள். இன்று முறையாக மருந்து சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பத்து வருஷத்தையும் தாண்டி வாழ்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்து இருக்கிறது.

ஒரு வீட்டுக் கதை

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மருமகளுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். லூபஸ் என்று கண்டுபிடித்து, ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். முகத்தில் இருந்த சிவப்பு மறைந்தது, கைவலி போனது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது.

மாமியார் கெட்டவர் இல்லை. பாசத்தோடுதான் சொல்கிறார்: "ஏம்மா, இப்பத்தான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை? சூட்டைக் கிளப்பும். நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்க வேணாமா? நம்ம ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தர் சூரணம் வாங்கித் தர்றாரு. எதிர்ப்புச் சக்தி ஏறுமாம்."

"சரிங்க அத்தை" என்கிறாள் மருமகள். அவளுக்கும் மாத்திரை சாப்பிட்டு அலுத்துப் போயிருக்கிறது. மாத்திரை டப்பா பரணுக்குப் போகிறது. டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவார் என்ற பயம். சூரணம் தந்தவரிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கிறது. கால் கனக்கிறது. சிறுநீர் சோப்பு நுரை போல நுரைக்கிறது. வலி இல்லையே என்று இன்னும் பதினைந்து நாள் போகிறது. மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் இரண்டும் பாதித்துவிட்டன. நல்லவேளையாக உயிர் தப்பியது. ஆனால் முன்னைவிடக் கடுமையான மருந்து தேவைப்பட்டது. பிள்ளைப் பேற்றை இரண்டு வருஷம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

தவறு எங்கே நடந்தது?

நாட்டு மருந்தைத் தேடிப் போனது மட்டுமா தவறு? இல்லை. மூன்று தவறு நடந்தது. மாத்திரையை நிறுத்தியது ஒன்று. இரண்டு பக்கமும் மறைத்தது இரண்டு. சிறுநீர் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தது மூன்று.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது சளி காய்ச்சலுக்குப் பொருந்தும். லூபஸுக்குப் பொருந்தாது. ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டால், உடம்பில் இயற்கையாக அதைச் சுரக்கும் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுரப்பி உடனே விழிக்காது. இரத்த அழுத்தம் இறங்கி, மயக்கம் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அதை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முகம் ஊதுகிறது என்று சொன்னால் அவரும் அளவைக் குறைக்கத்தான் பார்ப்பார். சொன்னால்தானே தெரியும்?

அடுத்தது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 2020 கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே மாத்திரைதான். லூபஸ் நோயாளிக்கு இது முதுகெலும்பு போன்றது. நோய் மறுபடி சீறாமல் காப்பது இதன் வேலை. மெதுவாக வேலை செய்வதால், "இதனால ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. வருஷக்கணக்கில் சாப்பிடும்போது கண்ணின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். ஆகவே தொடக்கத்தில் ஒரு தடவையும், ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கண் பரிசோதனை வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதற்கு முன்பே வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லூபஸ் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கிறது. தொடக்கத்தில் வலி இருக்காது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே உடம்பு நன்றாக இருந்தாலும் டாக்டர் சொன்ன நாளில் சிறுநீரும் இரத்தமும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணை வைத்தியம் எங்கே உதவும்?

"அப்படியானால் நம்ம வைத்தியமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார். அவரிடம் போகலாம். மாத்திரையோடு சேர்த்துத் துணையாக என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

1. நடையும் யோகாவும். லூபஸ் நோயாளியை வாட்டுவது அசதி. அளவான உடற்பயிற்சி அசதியைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். காலையிலோ மாலையிலோ அரை மணி நேர நடை, எளிய ஆசனம், மூச்சுப் பயிற்சி போதும். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் ஓய்வு எடுங்கள்.

2. உணவு. உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். ஸ்டீராய்டு எலும்பை இளக்கும். ஆகவே கேழ்வரகு, மோர், பால், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்கள் டாக்டர் சொன்ன உணவையே சாப்பிட வேண்டும்.

3. மஞ்சள். குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. 2012இல் ஈரானில் சிறுநீரகம் பாதித்த 24 லூபஸ் நோயாளிகளிடம் மூன்று மாதம் ஓர் ஆய்வு செய்தார்கள். மஞ்சள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போவது குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் சிறிய ஆய்வு. அதிலும் மஞ்சள் துணைதான், மருந்துக்கு மாற்று அல்ல.

4. வெயிலிலிருந்து காப்பு. வெயில் இந்த நோயைக் கிளறும். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை கூடுமானவரை நிழலில் இருங்கள். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டுகிறார்களே, அது மிக நல்ல பழக்கம். வெயில் குறைவதால் வைட்டமின் டி குறையும். அதற்கு டாக்டர் மாத்திரை தருவார்.

எது ஆகாது?

எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று விற்கும் எதுவும் லூபஸ் நோயாளிக்கு ஆகாது. ஏன்? புத்தி மாறிப்போன காவல்காரன் கையில் இன்னொரு தடி கொடுக்கலாமா? சீந்தில் கொடி மதிப்புள்ள மூலிகைதான். ஆனால் கொரோனா காலத்தில் பலர் தாமாகவே அதைச் சாப்பிட்டார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் அப்படிச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக அங்குள்ள மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்குவது போன்ற அழற்சி அது. குதிரை மசால் என்ற தீவனப் பயிரின் முளையும் மாத்திரையும் சத்துணவாக விற்பனைக்கு வருகின்றன. லூபஸைக் கிளறும் பொருள் அதில் இருக்கிறது. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இன்னும் கெடுதல்.

பெயரும் சீட்டும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சில பொட்டலங்களில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டையே ஒளித்துக் கலந்திருப்பார்கள். "ரெண்டே நாள்ல வலி போச்சு" என்றால் சந்தேகப்படுங்கள். அதேபோல மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. பீடி, சிகரெட் புகையும் நோயை வளர்க்கும்.

பிள்ளைப் பேறு

லூபஸ் வந்தால் பிள்ளை பெறக் கூடாது என்பது பழைய பேச்சு. பெறலாம். நேரம் பார்த்துப் பெற வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருந்த பிறகு, டாக்டரைக் கேட்டுக் கருத்தரிக்க வேண்டும். மைகோபினோலேட், மீத்தோடிரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. அவற்றை முன்கூட்டியே மாற்றித் தருவார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் தொடரலாம், தொடரவும் வேண்டும். அந்த மாமியார் பயந்தது எதற்கோ, குழந்தைக்குக் காவலாக இருந்தது அந்த மாத்திரையே!

நோய் அடங்கும் வரை கருத்தடை அவசியம். பலருக்கும் காப்பர்-டி பொருந்தும். இரண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு இரத்தத்தை உறையச் செய்யும். ஆகவே மாத்திரையானாலும் ஊசியானாலும் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.

ஒரே நோட்டு

இப்போது முக்கியமான யோசனை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர். அடுத்துச் சாப்பிடும் எல்லா மருந்தும்: மாத்திரை, சூரணம், லேகியம், கஷாயம், பாட்டி கொடுத்த உருண்டை உட்பட. அதன்பின் தேதி போட்டு இரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், உடல் எடை. அலோபதி டாக்டரிடம் போனாலும் சித்த மருத்துவரிடம் போனாலும் அதே நோட்டைக் காட்டுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன் இருவருக்கும் தெரிய வேண்டும். இருப்பதில் ஒன்றை நிறுத்தும் முன், அதை எழுதித் தந்தவர் சொல்ல வேண்டும்.

காய்ச்சல், கால் வீக்கம், நுரைக்கும் சிறுநீர், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, திடீர்க் குழப்பம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் கண்டால் எந்தக் கஷாயத்துக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரமென்றால் 108.

கடைசியாக மாமியார்மார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நோயாளி பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பாள். உள்ளே அசந்து போயிருப்பாள். "சும்மா படுத்துக் கிடக்கிறா" என்று சொல்லாதீர்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். "மாத்திரை போட்டியாம்மா?" என்று ராத்திரி ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த நோட்டை எழுதும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் பாருங்கள். ஆனால் எந்தப் பக்கத்தையும் மறைக்காமல் பாருங்கள்.