பெயர் மாறும் படிப்புகளும் பரணில் கிடக்கும் மடிக்கணினியும்

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

காசோலை வழங்கும் மேடையில் நீட்டி முழக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். பின்பக்கம் தேக்சா திறந்த வாசம் இங்கே வரை வருகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். மகன் பி.எஸ்சி. முடித்திருக்கிறான். அடுத்து ஆறு மாதப் படிப்பு ஒன்று. கட்டணம் 85,000 ரூபாய். பாதியை நகையை அடகு வைத்துப் புரட்டிவிட்டார். மீதிக்கு மனு. அந்தப் பயிற்சி நிலையத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். ஏ.ஐ. என்ற எழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் பல இடங்களில் மின்னியது. எந்தக் கணினி மொழியைச் சொல்லித் தருவார்கள், எத்தனை மணி நேரம் பிள்ளையைக் கணினி முன் உட்கார வைப்பார்கள் என்று தேடினோம். கடைசி அட்டை வரை அது இல்லை.

நமக்கு 2022 ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு நாம் செய்த தவறை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். 'பிளாக்செயின், மெட்டாவெர்ஸ்' என்று ஒரு படிப்புக்காக இரண்டு பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் கொடுத்தோம். நீங்கள் நம்பிக் கொடுத்த பணம் அது. பாடத்திட்டத்தை நாம் கேட்கவில்லை. பெயர் புதிதாக இருந்தது, பத்திரிகைகளில் அடிபட்டது, கேட்டால் நமக்குத் தெரியாதது வெளிப்பட்டுவிடுமோ என்ற கூச்சமும் இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது பெயர்ப் பலகை மாறியிருந்தது. அதே மாடி, அதே ஆசிரியர்கள், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள்; பலகையில் மட்டும் ஏ.ஐ. வந்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மறுபடி முதலிலிருந்து எஸ்.க்யூ.எல். படித்துச் சென்னையில் வேலையில் இருக்கிறார். இன்னொருவர் வளைகுடாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அவருடைய அத்தா இன்றும் நம்மைப் பார்த்தால் மரியாதையோடு ஸலாம் சொல்கிறார். அதுதான் உறுத்துகிறது.

இந்த விஷயத்தில் நாம் மட்டும் ஏமாந்தவர்கள் இல்லை. அமெரிக்காவில் ஐஸ் டீ விற்கும் ஒரு கம்பெனி. பெயர் லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ. 2017 டிசம்பரில் அது தன் பெயரை 'லாங் பிளாக்செயின்' என்று மாற்றிக்கொண்டது. விற்றது அதே டீதான். ஆனால் பெயர் மாறிய அன்றே அதன் பங்கு விலை இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியது! அடுத்த ஆண்டே நாஸ்டாக் சந்தை அந்தப் பங்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது. டீக்கடைக்காரர் பலகை மாற்றினால் டீயின் ருசி மாறாது என்பது நம் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும்; நியூயார்க் முதலீட்டாளர்களுக்கு அன்று தெரியவில்லை.

ஃபேஸ்புக் கம்பெனி 2021 அக்டோபரில் 'மெட்டா' ஆனது. இனி எல்லோரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகில்தான் சந்திப்போம் என்றார்கள். அந்தப் பிரிவில் மட்டும் 2022-இல் அவர்களுக்கு 1,300 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். ட்விட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் பதிவை என்.எஃப்.டி. என்ற பெயரில் 2021-இல் ஒருவர் 29 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். மறு ஆண்டு அவர் விற்கப் பார்த்தபோது முதலில் சில நூறு டாலருக்கு மேல் கேட்க ஆளில்லாத நிலை. அவர்களிடம் இழக்கப் பணம் இருந்தது. நம் தாய்மார்களிடம் இருப்பது நாலு பவுன் சங்கிலி.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதல்ல. நாம் கல்லூரி முடித்த காலத்தில் ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், ஃபாக்ஸ்புரோ. பிறகு 1998, 1999-இல் கோபோல் படித்தால் அமெரிக்கா நிச்சயம் என்றார்கள். கோபால் என்றே பலரும் சொல்வார்கள். நாமும் அப்படித்தான் சொன்னோம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்கள் 2000-இல் குழம்பிவிடும் என்பதால் அதைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. வேலை முடிந்தது, கூட்டம் கலைந்தது, சென்டர்கள் மூடின.

ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டும். கூட்டம் கலைந்தாலும் கோபோல் சாகவில்லை. 1959-இல் உருவாக்கத் தொடங்கிய மொழி அது. 2020-இல் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலை இழந்தவர்களின் மனுக்கள் குவிந்தன. அவற்றைக் கையாண்ட பழைய கணினி முறைகள் திணறின. கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று அந்த மாநில ஆளுநரே அழைக்க வேண்டியதாயிற்று. அன்று சான்றிதழுக்காகப் படித்தவருக்கு அதனால் பயனில்லை. மொழியையே படித்தவருக்கு வயது அறுபதானாலும் அழைப்பு வந்தது.

சி மொழியைப் பாருங்கள். 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருக்கும் லினக்ஸ் பெரும்பாலும் சி-யில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பைத்தான் 1991-இல் வெளிவந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை 1995-இல் ஒருவர் பத்தே நாளில் எழுதினார். ஜாவா அப்போது பிரபலமாக இருந்ததால் அந்தப் பெயரை ஒட்டி இதற்கும் பெயர் வைத்தார்கள். (பெயரால் விற்கும் வித்தை அன்றே இருந்திருக்கிறது.) அந்த அவசரத்தின் கோணல்கள் இன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அதை நம்பித்தான் இயங்குகின்றன. எஸ்.க்யூ.எல். 1970-களைச் சேர்ந்தது. அதைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை. ரேஷன் அட்டை, ரயில் முன்பதிவு, மருத்துவமனைச் சீட்டு என்று எதன் அடியைத் தோண்டினாலும் ஒரு தரவுத்தளம் இருக்கும். அதனிடம் கேட்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். நம்மைக் கேட்டால், வேலை தேடும் பிள்ளைக்கு முதலில் அதைத்தான் சொல்வோம்.

எந்த மொழியை முதலில் படிப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு நாம் சொல்வது புரியும். முதலாண்டில் ஸர்ஃபு பாடத்தில் ஒரு வினைச்சொல்லை எடுத்து அதன் எல்லா வடிவங்களையும் மனனம் செய்யச் சொல்வார்கள். எதற்கு இது என்று அழுகை வரும். ஆனால் அது பிடிபட்டவருக்குப் பிறகு எந்தக் கிதாபும் திறந்துகொள்ளும். பிடிபடாதவர் பத்துக் கிதாபை மாற்றிப் பார்த்தாலும் முதல் வரியிலேயே நிற்பார். கணினி மொழியும் அப்படித்தான். ஒன்றை அடிவரை படித்தவருக்கு அடுத்தது சில வாரங்களில் வரும். 'அல்காரிதம்' என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவரைப் போல உட்கார்ந்து கணக்குப் போடப் பிள்ளையைப் பழக்குவதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு 11-ஆம் வகுப்பில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் இருக்கின்றன. பாடநூல் தமிழிலேயே இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, அதே பாடத்துக்கு வெளியே பல ஆயிரம் கட்டுகிறோம்.

இனி கணினி. கல்லூரி சேரும் பிள்ளை 'கேமிங் லேப்டாப்' கேட்கிறான். வீட்டில் தவணையில், அதுவும் வட்டியோடு, எண்பதாயிரத்துக்கு வாங்கித் தருகிறார்கள். சி, பைத்தான், எஸ்.க்யூ.எல். படிக்க அது தேவையே இல்லை. கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் சந்தையில் கிடைக்கின்றன. இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, எட்டு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இவை போதும். வாங்கும்போது மூடியின் கீல் ஆடுகிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, விசைப்பலகையில் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று பாருங்கள். ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாற்றக் கூடியதா என்றும் கேளுங்கள். பற்றவைத்திருந்தால் பிறகு கூட்ட முடியாது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய மடிக்கணினியையும் எறிந்துவிடாதீர்கள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தது பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அது மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் அதே இயந்திரம் வேறொன்று போல எழும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பழைய இயந்திரங்களை ஏற்பதில்லை. கவலை வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம். அதில் வீடியோ வேலை நடக்காது. நிரல் எழுதப் பழக அது தாராளம்.

சென்ற ஆண்டு வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர், பிள்ளைகளுக்கு மெய்நிகர் கண்ணாடிகள் வாங்கித் தருகிறேன் என்றார். அதற்குப் பதிலாக இருபது எஸ்.எஸ்.டி. அனுப்புங்கள் என்று கேட்டோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். படம் எடுத்துப் போட எஸ்.எஸ்.டி.யில் என்ன இருக்கிறது? ஆனாலும் அனுப்பினார். நம் மக்தபில் ஆசையாக வாங்கிய ஸ்மார்ட் போர்டு போர்வை போர்த்தி நிற்பதை ஹஜ்ரத் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதனால்தான் அந்தத் துணிவு நமக்கு வந்தது.

ஏ.ஐ. விஷயத்தில் நம் கருத்து வேறு. இதையும் டீக் கம்பெனியோடு சேர்த்துவிட முடியாது. இது உண்மையாகவே வேலை செய்கிறது. நிரலும் எழுதித் தருகிறது. ஆனால் அது எழுதித் தருவதில் தவறும் இருக்கும், அதையும் தைரியமாகவே எழுதும். தவறு எது என்று கண்டுபிடிக்க நிரல் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தத் துறைக்குள்ளேயே போக விரும்பும் பிள்ளைக்கு அணிகள், நிகழ்தகவு, பைத்தான் மூன்றும் வேண்டும். அதற்குப் பல்லாண்டு ஆகும். ஏ.ஐ.யிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று மட்டும் கற்றுத்தர மூன்று மாதம், ஐம்பதாயிரம் என்றால், அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயின் மனுவை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மறுக்கவில்லை. மகனை அழைத்து, பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்கி வரச் சொன்னோம். இரண்டு முறை போனான். வாய்மொழியாகத்தான் சொல்கிறார்கள் என்று திரும்பி வந்தான். முன்பணம் 5,000 போய்விட்டது. நகையை மீட்டாயிற்று. இப்போது நம் நூலக அறையில் அந்தப் பழைய 12-ஆம் வகுப்புப் புத்தகத்தோடு மாலையில் உட்கார்கிறான். வேலை கிடைக்குமா என்று அவன் கேட்கிறான். உறுதி சொல்ல நம்மால் முடியாது என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டோம்.

இந்த ஆண்டு முதல் கணினிப் படிப்புக்கு உதவி கேட்பவர்கள் விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம். பாடத்திட்டமும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை என்ற விவரமும் எழுத்தில் வேண்டும். இது நிர்வாகக் குழுவின் முடிவு. குழுவில் இருவர் இதற்கு உடன்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஞாயிறு தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு நூலக அறையில் இரண்டு மாணவர்கள் திருப்புளியோடு இருப்பார்கள். பரணில் இருப்பதை இறக்கி, தூசி தட்டிக் கொண்டு வாருங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள், சென்ற வாரம் ஏழு பேர் மறந்துவிட்டார்கள். வஸ்ஸலாம்.