வீட்டிலிருந்தே ஆபீசுக்குள்: வி.பி.என்.னும் ஒரே லாகினும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பேசு, ஆனால் புரிகிற மாதிரி பேசு" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஒரு கம்பெனியின் வி.பி.என்.னைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வெளியில் இருக்கிற ஊழியர் யார், உண்மையிலேயே நம் ஆள்தானா, உள்ளே விடலாமா என்று பார்ப்பது. வாட்ச்மேன் உத்தியோகம்தான். நாற்காலி மட்டும் கொஞ்சம் சுழலும்.

வி.பி.என். என்பது பொது இன்டர்நெட்டுக்குள் நமக்கென்று போட்டுக்கொள்கிற ஒரு தனிக் குழாய். முடிச்சூரில் வீட்டில் உட்கார்ந்திருப்பவருடைய கம்ப்யூட்டர், அந்தக் குழாய் வழியாக மெப்ஸிலோ சிறுசேரியிலோ இருக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருப்பது போலவே வேலை செய்யும். நடுவில் எவர் ஒட்டுக் கேட்டாலும் ஒன்றும் புரியாது. சங்கதி குழாயில் இல்லை. குழாயின் வாயில் நிற்கிற ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி, முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீர். படகு வந்து மாடியிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுபோனது உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது எங்களிடம் இருந்தது பழைய முறை. ஒரு பாஸ்வேர்டு, அதோடு சாவிக்கொத்தில் தொங்குகிற ஒரு சின்ன டோக்கன். நிமிஷத்துக்கு ஒரு தரம் அதில் ஆறு இலக்க எண் மாறும். உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கரண்டும் நெட்டும் கிடைத்து, கம்ப்யூட்டரும் கிடைத்த ஆட்கள் போன் பண்ணுவார்கள். "சார், டோக்கன் வீட்டுல பீரோவுல இருக்கு. பீரோ தண்ணிக்குள்ள இருக்கு." மாற்று டோக்கன் கையில் கொடுத்தால்தான் உண்டு. கொரியரே ஓடாத நேரத்தில் எப்படிக் கொடுப்பது?

அடுத்தது 2020. அதுவரை கால் சென்டர், பி.பி.ஓ. போன்ற நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் நிபந்தனைகள் நிறைய இருந்தன. மார்ச் 13-ஆம் தேதி அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அதே ஆண்டு நவம்பரில் விதிகளையே எளிமையாக மாற்றி எழுதினார்கள். நூறு பேருக்காகப் போட்ட குழாயில் ஆயிரம் பேர் வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு, வி.பி.என்.னுக்கு ஒன்று, சம்பளச் சீட்டுக்கு ஒன்று. மறந்து போவார்கள், மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டுவார்கள். அந்த மானிட்டரோ இப்போது வீட்டு ஹாலில்!

இதற்கு மாற்றுதான் பிரவுசர் வழியாக ஒரே லாகின். சீசன் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் கவுன்டரில் ஒரு தரம் அடையாளத்தைக் காட்டி சீசன் வாங்குகிறோம். மாம்பலத்தில் ஏறி வரும் டிக்கெட் பரிசோதகருக்கு நம்மைத் தெரியாது. தெரியவும் வேண்டாம். சீட்டு ரயில்வே கொடுத்ததா, தேதி இருக்கிறதா, இந்தப் பாதைக்கு உரியதா என்று மட்டும் பார்ப்பார்.

வி.பி.என்.னில் நடப்பதும் அதுதான். நீங்கள் 'கனெக்ட்' அமுக்கியதும், வாசலில் இருக்கும் கேட்வே "நான் பாஸ்வேர்டு வாங்குவதில்லை, அந்தக் கவுன்டருக்குப் போ" என்று ஒரு முகவரியைக் கொடுக்கிறது. பிரவுசர் திறக்கிறது. கவுன்டர் என்பது அடையாள சர்வர். மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, ஆக்டா, கீக்ளோக் என்று பல உண்டு. வண்டலூரைத் தாண்டி எஸ்டான்ஷியாவில் இருக்கிற நம்ம ஜோஹோவும் இந்த வகைச் சரக்கை உலகத்துக்கு விற்கிறது. அங்கே லாகின் ஆனதும் அந்த சர்வர் ஒரு சீட்டு எழுதிக் கையொப்பமிட்டு பிரவுசர் கையில் கொடுக்கிறது. பிரவுசர் அதைக் கொண்டுபோய் கேட்வேயிடம் நீட்டுகிறது. கையொப்பம், நேரம், யாருக்கு எழுதிய சீட்டு, மூன்றும் சரியாக இருந்தால் கேட்வே நம் வி.பி.என். மென்பொருளிடம் ஒரு அனுமதியைக் கொடுக்கும். பிறகுதான் குழாய் திறக்கும். இந்தச் சீட்டின் வடிவத்துக்கு எஸ்.ஏ.எம்.எல். என்று பெயர். இப்போது எல்லோரும் பயன்படுத்துகிற இரண்டாம் பதிப்பு 2005-இல் வந்தது. குஜராத்தில் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நடத்துகிற இன்ஃபெட் ஏற்பாட்டில், மாணவர்கள் வீட்டிலிருந்தபடி ஆய்வுப் பத்திரிகைகளைப் படிக்க நுழைவதும் இதே சீட்டைக் காட்டித்தான்.

இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் கேட்வே உங்கள் பாஸ்வேர்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. 2024 ஜனவரியில் இவான்டி என்ற கம்பெனியின் வி.பி.என். கருவியில் ஓட்டை கண்டுபிடித்து உள்ளே புகுந்தவர்கள், லாகின் பக்கத்தையே மாற்றி அங்கே தட்டிய பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அமெரிக்க அரசு தன் அலுவலகங்களுக்கு 48 மணி நேரத்துக்குள் அந்தக் கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஒரே லாகின் இருந்தால் ஓட்டை அடைபட்டுவிடாது. ஆனால் வாசலில் திருடுவதற்குப் பாஸ்வேர்டு இருக்காது.

சரி, இதை அமைப்பது எப்படி? புத்தகத்தில் அரைப் பக்கம்தான். இந்தப் பக்கத்து முகவரியையும் சர்டிஃபிகேட்டையும் அந்தப் பக்கம் கொடு, அந்தப் பக்கத்துடையதை இங்கே வாங்கிப் போடு. முகவரியில் கடைசிக் கோடு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வேலை செய்யாது. அது ஒரு மத்தியான நேரத்தைச் சாப்பிடும், அவ்வளவுதான். உண்மையான தொல்லைகள் வேறு.

முதல் தொல்லை நம் பெயர். சிரிக்காதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சம்பளப் பிரிவில் 'கே. செந்தில்', மெயிலில் 'செந்தில் கே', பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிய பழைய வி.பி.என். பட்டியலில் 'செந்தில் கந்தசாமி'. சீட்டில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்றால் கேட்வே உள்ளே விடாது. அதைவிட மோசம், இரண்டு கே. செந்தில் இருந்து ஒருவருடைய உரிமையோடு இன்னொருவர் உள்ளே போவது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொள்ளும் சகோதரிகளுக்கு மெயில் முகவரியே மாறிவிடும். ஆகவே பெயரையும் நம்பாதீர்கள், மெயிலையும் நம்பாதீர்கள். வேலையில் சேர்ந்த நாளில் கொடுத்து, பிறகு எப்போதும் மாறாத ஒரு எண்ணைச் சீட்டில் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். சீட்டுக்குச் சில நிமிஷம்தான் ஆயுள். கேட்வேயின் நேர மண்டலத்தைக் கிரீன்விச் என்று விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நம்ம ஊர் மணியைத் தட்டி வைத்தால் ஐந்தரை மணி நேரம் தப்பு. அப்புறம் வருகிற சீட்டெல்லாம் காலாவதியான சீட்டுதான். இரண்டு பக்கமும் நேர சர்வரிலிருந்து மணியை எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட வேண்டும்.

கோழியா முட்டையா என்ற கதையும் உண்டு. அடையாள சர்வரை ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் வைத்திருந்தால், வி.பி.என். கிடைத்தால்தான் லாகின், லாகின் ஆனால்தான் வி.பி.என். கவுன்டர் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கையொப்பச் சர்டிஃபிகேட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அதை மாற்ற மறந்தால் ஒரு திங்கட்கிழமை காலையில் மொத்தக் கம்பெனியும் ஒரே நேரத்தில் வெளியே நிற்கும். அந்த நாளுக்காகவே, ஒரே லாகினைச் சாராத அவசரக் கணக்கு இரண்டை உண்டாக்கி, நீண்ட பாஸ்வேர்டைக் கவரில் போட்டு சீல் வைத்துப் பெட்டகத்தில் வைப்பது வழக்கம். பெட்டகம் தரைத்தளத்தில் வேண்டாம். முடிச்சூர்க்காரன் சொல்கிறேன், முதல் மாடியில் வையுங்கள்.

இதையெல்லாம் விட நான் கவலைப்படுவது பழைய கதவைப் பற்றி. புது முறை வந்த பிறகு, "கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று பழைய பாஸ்வேர்டு வழியைத் திறந்தே வைத்திருப்பார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனம் முடங்கியதே, அதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரு பழைய வி.பி.என். வழிதான். அது பயன்பாட்டிலேயே இருந்திருக்கக் கூடாது என்று அதன் தலைவர் செனட் குழு முன் சொன்னார். வெறும் பாஸ்வேர்டு மட்டும் போதும் என்றிருந்த கதவு. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கப்பம் கட்டினார்கள். அதனால் புது வழியை முதலில் இருபது பேருக்குக் கொடுங்கள், பிறகு ஒரு பிரிவுக்குக் கொடுங்கள், பழைய வழியை மூடும் தேதியை முன்னமே அறிவியுங்கள். அந்தத் தேதியில் எந்தப் பெரிய அதிகாரி கேட்டாலும் மூடுங்கள். கேட்பார்கள்!

இப்போது மறுபடி வெள்ளத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மறுபடியும் முடிச்சூரில் தண்ணீர். டோக்கன் போய்விட்டது, அதன் இடத்தில் செல்போன் வந்துவிட்டது. செல்போனும் நனையும். எங்கள் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண், பக்கத்து வீட்டார் போனிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, போன் போச்சு, லேப்டாப் போச்சு. மாசக் கணக்கு இன்னிக்கு நைட் அனுப்பணும். அக்கா வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து லாகின் பண்ணித் தாங்க." குரல் தெரிந்த குரல் மாதிரிதான் இருந்தது. கஷ்டம் நிஜம் என்றும் தெரிந்தது. ஆனால் இதே மாதிரி ஒரு போன், இதே மாதிரி ஒரு அவசரம், திருடனும் பேசலாமே. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். ஓட்டல்களை முடக்கியவர்கள் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் பண்ணி, ஊழியர் போல நடித்துத்தான் உள்ளே போனதாகச் செய்திகள் வந்தன. அந்த நிறுவனம் சொன்ன நஷ்டக் கணக்கு சுமார் 10 கோடி டாலர்.

நல்லவேளையாக அந்த வருஷம் மழைக்கு முன்பே ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். ஒவ்வொருவரும் இரண்டு பொருளைப் பதிவு செய்ய வேண்டும். ஒன்று போன், இன்னொன்று யு.எஸ்.பி.யில் செருகும் சாவி. இரண்டும் போனால், மேலதிகாரி வீடியோவில் ஆளைப் பார்த்து, தன் சொந்த லாகினிலிருந்து ஒப்புதல் தர வேண்டும். கிடைப்பது ஒரு நாளுக்கு மட்டுமான அனுமதி. ஹெல்ப் டெஸ்க் பையன் தனியாக முடிவெடுக்கவே முடியாது. அந்தச் சகோதரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவருக்குக் கோபம். வீடு தண்ணீரில் நிற்கும்போது வீடியோவில் முகத்தைக் காட்டு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் முழு வி.பி.என். கொடுக்கவும் இல்லை, ஏனென்றால் அது கம்பெனி பதிவு செய்த இயந்திரம் இல்லை. பிரவுசரிலேயே திறக்கிற கணக்குப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டோம். இரவு பத்தேகாலுக்குக் கணக்கு போய்ச் சேர்ந்தது.

குழந்தையின் ஆன்லைன் வகுப்புக்கும் அப்பாவின் ஆபீசுக்கும் ஒரே லேப்டாப் இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. பிரவுசர் லாகினை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு லாகினில் எல்லாக் கதவும் திறக்கும் என்றால், அந்த ஒரு லாகின் கைமாறினாலும் எல்லாக் கதவும் திறக்கும். அதனால் வி.பி.என்.னுக்கு மட்டும் தினம் காலையில் ஒரு தரம் புதிதாக லாகின் கேட்பது என் பழக்கம். நண்பர்கள் சிலர் வாரத்துக்கு ஒரு தரம் போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, வேலையை விட்டுப் போனவருடைய கணக்கை மூடினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் குழாய் தானாக மூடிக்கொள்ளாது. சீட்டை வாசலில்தான் பார்ப்பார்கள், உள்ளே போன பிறகு அல்ல. அதைத் தனியாகத் துண்டிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கீக்ளோக் இலவசம். ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, எஸ்.ஏ.எம்.எல். தெரிந்த ஏதாவது ஒரு சின்ன வெப் அப்ளிகேஷனோடு இணைத்துப் பாருங்கள். லாகின் ஆகும்போது பிரவுசரில் டெவலப்பர் பகுதியைத் திறந்தால் 'சாம்ல் ரெஸ்பான்ஸ்' என்று எழுத்துக் குவியல் ஒன்று தெரியும். அதை பேஸ் 64-இலிருந்து பிரித்தால் சீட்டு முழுவதையும் படிக்கலாம். யார் கொடுத்தது, யாருக்கு, எத்தனை மணி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். பிறகு சர்வரின் கடிகாரத்தை வேண்டுமென்றே பத்து நிமிஷம் தள்ளி வைத்து மறுபடி முயன்று, என்ன பிழை வருகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வரலாம். இலை போட்டாயிற்று என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.